பன்னிரண்டு வோல்ட் காற்று

மௌனிகா கல்யாணமாகி வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்த வருடம், கார்த்திகை பிறந்ததும் கிழக்குக் காற்று வீசத் தொடங்கியது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று பகலெல்லாம் ஓயாது. தென்னைகள் எல்லாம் ஓலையை மேற்கே வாரிவிட்டுக்கொண்டு நிற்கும். வீட்டுக்குக் கிழக்கே, இரண்டு தென்னை வரிசை தள்ளி, அவளுடைய மாமனார் குப்பண்ணனின் நார் மில் இருந்தது. தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கிற மில். நார் ஒரு பக்கம் காயும். மிஞ்சுகிற பழுப்புத் தூள் இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். காற்று அந்தக் குவியலைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையும்.

முதலில் தும்மல் வந்தது. பிறகு இருமல். மார்கழியில் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு உள்ளே போகாமல் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் கணவன் பிரதீப் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அன்றைக்கு வீட்டில் இருந்ததால் உடனே பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, தூசியில் இருக்கவே கூடாது, முடிந்தால் கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருந்து பாருங்கள் என்றார்.

விஷயம் தெரிந்ததும் அவள் அம்மா மூணாறுக்குப் பக்கத்துச் சித்திரபுரத்திலிருந்து தினமும் போன் செய்தாள். மௌனிகாவின் அப்பா மின்வாரிய லைன்மேன். குவார்ட்டர்ஸ் வீட்டில், பனியிலும் தேயிலை வாசத்திலும் வளர்ந்த பெண் அவள்.

"ஒரு மாசம் இங்கன வந்து இருந்துட்டுப் போ பிள்ளை. மாப்பிள்ளைட்ட நான் பேசுறேன்."

"பாக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போக அவளுக்கு மனமில்லை. பாலக்காட்டில் பாலிடெக்னிக் படித்தபோது அவளும் பிரதீப்பும் பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது. 'மலையில இருந்து வர்ற புள்ள நம்ம வெயிலுக்கும் வேலைக்கும் தாங்குமா, பொங்கலுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டுப் போயிரும்' என்று குப்பண்ணன் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தார். அது அவள் காதுக்கும் வந்திருந்தது.

"இப்பப் போனா உங்கப்பா சொன்னது சரின்னு ஆயிரும்" என்றாள் பிரதீப்பிடம்.

பிரதீப் அப்பாவிடம் பேச்சை எடுத்துப் பார்த்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த குப்பண்ணன் மருமகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"தூளு அங்கியே உளுந்துரும் அம்மிணி. ஊட்டுக்கு எங்க வருது? நாங்க இருவது வருசமா இங்கதான குடியிருக்கறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே. உன்ற ஒடம்பு மலைத்தண்ணிக்குப் பழகுனது. ரெண்டு மாசத்துல செரியாப் போயிரும்."

மாமியார் மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கிவிடலாம் என்றான் பிரதீப். கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். அதெல்லாம் ஜன்னலை அடைத்த ஏசி அறைக்கு என்று கடைக்காரர் சொன்னார். இவர்கள் அறையோ ஓட்டுக்கூரை போட்டது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. திரும்பி வரும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் பிரதீப்பின் நண்பன் அஷ்ரஃபின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் டீ குடிக்க நின்றார்கள். கடை மூலையில் பழைய கம்ப்யூட்டர்களின் தகரக் கூடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ளங்கை அகல விசிறி ஒன்று.

மௌனிகா டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு விசிறியை விரலால் சுற்றிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"அஷ்ரஃப் அண்ணே, இதெல்லாம் ஓடுமா?"

"பள்ளிக்கூடத்துல கழிச்சுப் போட்டதுங்க. ஃபேனெல்லாம் ஓடும். எதுக்குங்க தங்கச்சி?"

"ஒரு பெட்டி செய்யப்போறேன். தூசியை இழுத்து வடிகட்டுற பெட்டி."

பிரதீப் அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோதான். ஆனால் படிப்பு முடிந்த பிறகு அவள் மூணாறில் ஒரு மொபைல் கடையில் விற்பனைக்கு நின்றவள். சால்டரிங் அயர்னைத் தொட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

முதல் பெட்டியை அவள் அட்டையில் செய்தாள். இரண்டு விசிறிகள், ஆன்லைனில் வரவழைத்த தடிமனான ஃபில்டர் ஒன்று, மின்சாரத்துக்கு வீட்டு வைஃபை பெட்டியின் பழைய அடாப்டர். விசிறி ஒவ்வொன்றிலும் மூன்று ஒயர்கள் இருந்தன. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, மஞ்சள் கம்ப்யூட்டருக்கு வேகத்தைச் சொல்வதற்கு. மஞ்சளை மடித்து டேப் ஒட்டிவிட்டு மற்ற இரண்டையும் அடாப்டரில் சேர்த்தாள். விசிறிகள் சீறிக்கொண்டு சுற்றின. ஆனால் ஃபில்டரின் மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தால் காற்றே இல்லை.

மயிலாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, எலிப்பொறியாட்டம்?"

"தூசிப்பொறி அத்தை."

"ஒண்ணும் மாட்டுனாப்ல தெரியலியே" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

மௌனிகாவுக்கு அழுகை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். விசிறியில் குறை இல்லை. கம்ப்யூட்டருக்குள் சும்மா காற்றைத் தள்ளப் பிறந்தது அது. தடிமனான ஃபில்டரில் முட்டித் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. அப்படியென்றால் ஃபில்டரின் பரப்பைப் பெருக்கவேண்டும். பல வழிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வந்தால் விசிறிக்குச் சிரமம் இருக்காது.

அஷ்ரஃபுக்குப் போன் செய்து கேட்டாள். "கார் ஏசிக்குப் போடற ஃபில்டர் பாருங்க தங்கச்சி. மெல்லிசா மடிப்பு மடிப்பா இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில எல்லாம் கெடைக்கும்" என்றான். பிரதீப் வேலை முடிந்து வரும் வழியில் பாலக்காட்டில் ஆறு வாங்கி வந்தான். தக்காளி வருகிற மரப்பெட்டி ஒன்றைப் பிரித்து, நீளமான இரண்டு பக்கங்களிலும் மூன்று மூன்றாக ஃபில்டர்களைப் பதித்து, இடுக்குகளை எல்லாம் டேப்பால் அடைத்தார்கள். மேல்பலகையில் வட்டமாக நாலு ஓட்டை போட்டு நாலு விசிறிகளைத் திருகினார்கள். காற்றை உள்ளிருந்து இழுத்து மேலே விடுகிற மாதிரி, ஓரத்தில் இருந்த அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

நாலு விசிறிக்கு அந்தச் சின்ன அடாப்டர் போதாது. அதனால் அஷ்ரஃப் ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ். கொடுத்தான். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் இரும்பு டப்பா அது. வாயிலிருந்து நூடுல்ஸ் மாதிரி கலர் கலராக ஒயர் தொங்கும். சுவிட்சைப் போட்டால் மட்டும் அது எழுந்திருக்காது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒன்றாக இணைத்தால்தான் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது என்று நினைத்து விழித்துக்கொள்ளும். இது அவளுக்கு நினைவிருந்தது. ஒரு துண்டுக் கம்பியால் இரண்டையும் இணைத்தாள். நாலு விசிறிகளின் சிவப்பையும் டப்பாவின் சிவப்போடு சேர்த்து, கறுப்பைக் கறுப்போடு சேர்த்து, சுவிட்சைப் போட்டாள்.

விசிறிகள் சுற்றின. ஆனால் சோறு சாப்பிடாத ஆள் நடப்பதுபோல் மெதுவாகச் சுற்றின.

"பழைய சாமானுதான. தேஞ்சு போயிருக்கும்" என்றான் பிரதீப்.

"அடாப்டர்ல நல்லாத்தானங்க ஓடுச்சு."

மல்டிமீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். ஐந்து வோல்ட் காட்டியது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். விசிறியில்தான் சிவப்பு என்றால் பன்னிரண்டு வோல்ட். இந்த டப்பாவில் சிவப்பு ஐந்து, மஞ்சள்தான் பன்னிரண்டு. கலரைப் பார்த்துக் கலரோடு சேர்த்துவிட்டாள். ஒயர்களைப் பிரித்து மஞ்சளுக்கு மாற்றினாள். மறுபடி சுவிட்சைப் போட்டதும் நாலும் ஒரே குரலில் இரைந்தன. மேலே கையை நீட்டினால் சேலைத் தலைப்பு பறந்தது. பிரதீப் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். புகை வளைந்து நெளியாமல் நேராக ஃபில்டருக்குள் போயிற்று.

"போகுது பாரு! மௌனி, போகுது பாரு!" என்று குழந்தை மாதிரி கத்தினான்.

ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பழைய சேலைகளால் அடைத்தார்கள். ஒரு வாரத்தில் அவளுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. இன்ஹேலர் எடுப்பது குறைந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்கும்.

அந்த மதிய நேரத்தில் மயிலாத்தாளும் அங்கே வர ஆரம்பித்தாள். முதலில் அவரைக்காய் உரிக்க வந்தாள். அடுத்த நாள் அரிசியில் கல் பொறுக்க. அதற்கடுத்த நாள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, "வெளிய ஒரே வெக்கையா இருக்குது கண்ணு" என்றாள். மார்கழி மாதத்தில் என்ன வெக்கை என்று மௌனிகா கேட்கவில்லை. படுத்த சிறிது நேரத்தில் மாமியார் அயர்ந்து தூங்கினாள். அப்போதுதான் மௌனிகாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மூச்சு விடும்போதெல்லாம் மாமியாரின் நெஞ்சுக்குள் மெல்லியதாக ஒரு விசில். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விசில்.

எழுந்ததும் கேட்டுவிட்டாள்.

"அத்தை, உங்களுக்கும் இளைப்பு இருக்கா?"

மயிலாத்தாள் வாசல் பக்கம் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "மூணு வருசமா இருக்குது. வெடியால கட்டுத்தரைக்குப் போயி மாட்டுக்கிட்ட நின்னு இருமிட்டு வந்துருவேன். உங்க மாமங்கிட்ட சொல்லிப்போடாத."

"ஏன் அத்தை?"

"அவருக்கு அந்த மில்லுன்னா உசுரு. கடங்காரன் பேச்செல்லாம் கேட்டு, கையால கல்லு சொமந்து கட்டுனது. அது என்ற நெஞ்சுல ஏறி உக்காந்திருக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

பொங்கலுக்கு முந்தின வாரம் மௌனிகா ஃபில்டர்களைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளையாக வாங்கியவை கருப்பட்டி நிறமாகியிருந்தன. ஒன்றைத் தரையில் தட்டியபோது மில் குவியலில் இருப்பதைப் போன்ற தூள், ஆனால் மாவுபோல நைசாக, ஒரு பிடி விழுந்தது. அப்போது குப்பண்ணன் மில்லிலிருந்து வந்துகொண்டிருந்தார். நின்று குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டார். எதிலிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகம் கறுத்துப் போயிற்று.

"இத என்ன பண்ணப்போற? பஞ்சாயத்துல கொண்டுபோயிக் காட்டப்போறியா?"

"ஐயோ இல்ல மாமா. சுத்தம் பண்ணத்தான்..."

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருத்தன் மில்லு மேல புகார் எழுதிப் போட்டுட்டு நிக்கறது பத்தாதா? இப்ப ஊட்டுக்குள்ளயே சாட்சி சேருதா?"

மௌனிகாவின் கண்ணில் நீர் நிறைந்தது. அன்றைக்கே கிளம்பிச் சித்திரபுரம் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் மயிலாத்தாள் கை ஈரத்தோடு வெளியே வந்து அவளுக்கும் குப்பண்ணனுக்கும் நடுவில் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளய எதுக்குப் பேசறீங்க? அந்தப் பொட்டிக்கு முன்னால தெனமும் படுத்துக் கெடக்கறது நானுங்க."

"நீ எதுக்கு?"

"எனக்கும் எளப்புதான்."

"எப்ப இருந்து?"

"மூணு வருசம்."

"மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லலியே மயிலா?"

"சொன்னா மில்ல மூடிப்போடுவீங்களா?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குப்பண்ணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. மில்லுக்கும் போகவில்லை. தோட்டத்துக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். குவியல் அருகே போவார், நிற்பார், மேற்கே திரும்பி வீட்டைப் பார்ப்பார். வேட்டி மேற்கு நோக்கிப் படபடத்தது.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. மௌனிகா சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தாள். தூள் குவியலை அள்ளி டிப்பரில் ஏற்றி, வீட்டுக்கும் மேற்கே, தோட்டத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தப் பக்கம் அவருடைய தரிசு நிலம்தான். கிழக்குக் காற்றுக்கு அங்கே தொட ஆள் இல்லை. பொங்கல் கழிந்ததும் மில்லின் மேற்குச் சுவரை ஒட்டி இரும்புக் குழாய்கள் நட்டு, இரண்டு மடங்கு உயரத்துக்குப் பச்சை வலை கட்டினார். மட்டை அடிக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்க ஸ்பிரிங்ளர் வைத்தார். இதையெல்லாம் அவர் ஏன் செய்கிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. மருமகளிடமும் பேசவில்லை.

மயிலாத்தாளை அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மௌனிகாவும் கூடப் போனாள். வீட்டுப் பக்கம் தூசி வருகிற மாதிரி ஏதாவது உண்டா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டதும் மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். பதிலைக் குப்பண்ணன் தமிழில் சொன்னார்.

"இருக்குதுங்க. நார் மில்லு. என்றதுதான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் மௌனிகாவின் பக்கம் திரும்பினார். பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அது.

"அந்தப் பொட்டியாட்ட இன்னொண்ணு பண்ண முடியுமா அம்மிணி?"

"அத்தைக்கா மாமா? இப்ப இருக்கறதையே..."

"மில்லுல பொம்பளைங்க சோறு திங்கற கொட்டாய்க்கு. குருவம்மா நேத்து வந்து சொல்லுது, சோத்துல தூளு, கொழம்புல தூளுன்னு. இத்தன வருசமா அவிய சொல்லல. நானும் கேக்கல."

குருவம்மாள் மில்லில் வெகுகாலமாக வேலை செய்பவள். நார் உலர்த்தும் பெண்களுக்கெல்லாம் மூத்தவள்.

இந்த முறை அஷ்ரஃப் கடைக்கு மாமனாரும் மருமகளும் சேர்ந்து போனார்கள். குப்பண்ணன் ஒவ்வொரு விசிறியாக எடுத்து இறக்கையை ஆட்டிப் பார்த்து, காதோரம் வைத்துச் சுற்றிக் கேட்டு, "இது பேரிங் போச்சு, அது வேண்டாம்" என்று தள்ளினார். அஷ்ரஃப் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கேட்டதை எல்லாம் கழற்றிக் கொடுத்தான்.

கொட்டகையின் மூன்று பக்கமும் கனமான தார்ப்பாய் அடித்து, பெட்டியை நடுவில் வைத்தார்கள். ஆறு விசிறிகள், இரு மடங்கு ஃபில்டர்கள். ஆனால் மில்லில் புதிதாக ஒரு தொல்லை வந்தது. மட்டை அடிக்கிற பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி எஸ்.எம்.பி.எஸ். கட்டாகி நின்றது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை அது எழுந்திருக்கவே இல்லை. மௌனிகா மூக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கருகிய வாடை அடித்தது.

"போச்சு மாமா. இந்தக் கரண்டுக்கு இது தாங்காது. ஸ்டெபிலைசர் வாங்கணும்."

குப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். "இந்த ஃபேனுக்கு எத்தன வோல்ட்டுன்ன?"

"பன்னெண்டு."

"டிராக்டர் பேட்டரியும் பன்னெண்டுதான அம்மிணி?"

மௌனிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். இத்தனை நாள் அந்தப் பன்னிரண்டு வோல்ட்டை எடுக்கவே கரண்டுக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பேட்டரியில் அது நேராகவே இருந்தது.

"ஆமா மாமா! டப்பாவே வேண்டாம். நேரா குடுத்துரலாம்."

"டிராக்டர ஸ்டார்ட் பண்ண இழுவ பத்தலேன்னு ஒண்ணு கழட்டிப் போட்டிருக்கறேன். இதுக்குப் பத்துமா?"

"தாராளமா. டிராக்டருக்கு முன்னால இது எறும்பு."

பேட்டரியைத் தூசி தட்டி எடுத்துச் சார்ஜ் போட்டார்கள். முனைகளில் பச்சை பூத்திருந்ததைக் குப்பண்ணன் வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். விசிறிகளின் சிவப்புகளை எல்லாம் ஒரே ஒயரில் சேர்த்து, பேட்டரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ் வைத்தாள் மௌனிகா.

"அது எதுக்கு?" என்று கேட்டார்.

"எங்கயாவது ஒயர் உரசிச்சுன்னா பேட்டரி கோவத்துல எல்லாத்தையும் எரிச்சுப்போடும். அதுக்கு முன்னால இது எரிஞ்சு நின்னுரும்."

"செரி செரி. நல்லாக் கெட்டியாவே போடு."

மதியச் சங்கு ஊதியதும் பெண்கள் தூக்குப்போசிகளோடு கொட்டகைக்குள் வந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை வெளியே உதறிவிட்டு உட்கார்ந்தார்கள். மௌனிகா சுவிட்சைப் போட்டாள். ஆறு விசிறிகளும் தடுமாறாமல் ஒரே சீராக இரைந்தன. பக்கத்தில் பெரிய மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெட்டி நிற்கவில்லை. குப்பண்ணன் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, பிறகு புறங்கையை வைத்து, பிறகு முகத்தையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.

குருவம்மாள் போசியைத் திறந்து குழம்பை உற்றுப் பார்த்தாள். "இன்னைக்குக் கொழம்பு கொழம்பாட்டவே இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகும் மௌனிகாவின் பையில் இன்ஹேலர் இருந்தது. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் வலையையும் மீறித் தூள் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் புகாரைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஒரு நாள் வந்து வலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வடக்குப் பக்கமும் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். குப்பண்ணன் மறுவாரமே கட்டினார்.

மாசி நடுவில் காற்று தணிந்தது. மௌனிகாவின் அம்மாவும் அப்பாவும் மகளைப் பார்க்கச் சித்திரபுரத்திலிருந்து வந்தார்கள். மகளை மலைக்கு அழைத்துப் போகும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் குப்பண்ணன் சம்பந்தியைக் கையோடு கொட்டகைக்கு அழைத்துப் போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"இதுல பாருங்க சம்பந்தி, செகப்பு பூராவும் ஒண்ணாச் சேந்து இப்படி வருது. கறுப்பு அப்படிப் போகுது. நடுவுல இது ஃபியூசுங்க. இது இல்லாம பேட்டரியத் தொடவே கூடாது. பொண்ணு சொல்லிக் குடுத்துருக்குது."

லைன்மேன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு ஜாயிண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாத்தாம்யா முறுக்கியிருக்கா" என்றார்.

வாசலில் மௌனிகாவும் மயிலாத்தாளும் அவள் அம்மாவும் வரும் கோடையில் எல்லோரும் சேர்ந்து சித்திரபுரத்துக்கு எப்படிப் போவது, எந்த பஸ், எத்தனை நாள் தங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.